மூட்டை அவிழ்க்காத அறை

ஒரு காலத்தில், அப்படியொன்றும் வெகு காலத்துக்கு முன்னால் இல்லை, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சேர்ந்து போனுக்குள்ளே ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். மிதிமன்றம் என்று பெயர். செங்கல் கிடையாது, கூரை கிடையாது, ஆனாலும் அதில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மன்றத்துக்குள் மனிதர்கள் யாரும் போக மாட்டார்கள். அவரவர் வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்துகொண்டு தங்கள் கேள்வியை மட்டும் அனுப்புவார்கள். கேள்வி நடந்து மன்றத்துக்குப் போகும். அங்கே இருக்கிற பதில்களில் தனக்கானது எது என்று தேடும். கிடைத்ததும் அதன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரும். கேள்வியின் பிழைப்பே அவ்வளவுதான்.

கேள்விகள் வெறுந்தலையோடு போகாது. தலையில் ஒரு மூட்டை இருக்கும். மூட்டை என்றால் வேறொன்றுமில்லை, வண்டியின் போட்டோ. மன்றத்துப் பதில்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வி வாயைத் திறப்பதற்குள் மூட்டையை வாங்கி அவிழ்த்துப் பார்த்துவிடும். காரணம் இருக்கிறது. கேள்விகள் உளறும். பாவம், அவற்றைச் சொல்லிக் குற்றமில்லை. இடுப்பு வலிக்கிறது, என்ன தைலம் தடவலாம் என்று கேட்டு ஒரு கேள்வி வரும்; மூட்டையை அவிழ்த்தால் வண்டியில் உட்காருகிற சீட் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். தைலத்துக்கு அங்கே என்ன வேலை?

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பதில்களுக்கு அலுப்புத் தட்டியது.

அவற்றின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். டயருக்கு எவ்வளவு காற்று, செயின் கழன்றால் எப்படி மாட்டுவது, எந்த கியரில் மேடு ஏறுவது என்று ஒரே மாதிரிக் கேள்விகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வந்து நின்றன. ஒரே பதில் ஒரு நாளில் முப்பது வீட்டுக்குப் போய் வந்தது. கால் ஓய்ந்த பதில்கள் எரிந்து விழ ஆரம்பித்தன. நூறு தடவை சொல்லியாச்சு, தேடிப் பார்த்தால் என்ன என்று ஒன்று கேட்கும். பக்கத்திலிருப்பது சிரிக்கும். சின்னக் கேள்விகள் முகம் செத்துத் திரும்பிப் போகும். வெளிநாட்டு டயரைப் பற்றியும் ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தைப் பற்றியும் கேட்க வந்த பெரிய கேள்விகளோ, நிற்க இடமில்லாமல் வேறு மன்றத்துக்குப் போய்விட்டன.

ஆக, மன்றத்துக்காரர்களுக்குள் பேச்சு நடந்தது. புதியவர்களின் கேள்விகளுக்குத் தனியாக ஓர் அறை கட்டினால் என்ன என்று கேட்டார்கள். மன்றத்தை ஆரம்பித்த மூன்று பேரில் ஒருவரான லேத் பட்டறை முகைதீன்தான் முதலில் கையைத் தூக்கினார். புதியவர்களிலும் பாதிப் பேர் சரி என்றார்கள். யாரும் சிரிக்காத இடமாக இருந்தால் போதும் என்பது அவர்கள் ஆசை. கெட்ட எண்ணத்தில் கட்டின அறை இல்லை அது. இதை நான் அடித்துச் சொல்வேன்.

அறையில் ஜமுக்காளம் விரித்தார்கள். தண்ணீர்ப் பானை வைத்தார்கள். வாசலில் விதி என்று ஓர் ஆளை நிறுத்தினார்கள். விதி நேர்மையான ஆள். வருகிற கேள்வியின் பேச்சைக் கேட்டு, சின்னது என்றால் இடது பக்கம், பெரியது என்றால் வலது பக்கம் என்று கை காட்டும். சின்ன அறைக்குள் பதில் சொல்ல, தயார் என்று பெயர் வைத்து ஒன்றை உட்கார வைத்தார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி எப்போதும் தயார். ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அந்த வார்த்தைக்கு என்று எழுதி வைத்த காகிதச் சீட்டை எடுத்து நீட்டிவிடும். அலுக்காது, கோபப்படாது, சிரிக்காது. மூட்டையை அவிழ்க்கவும் அவிழ்க்காது, ஏனென்றால் சீட்டு நீட்டுவதற்குத்தான் அதற்குக் கை வைத்திருந்தார்கள்.

எல்லோருக்கும் நிம்மதி. பெரிய கூடத்தில் பதில்கள் காலை நீட்டிப் படுத்தன. ஆறு வாரம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்கோதையின் கேள்வி வீட்டை விட்டுக் கிளம்பியது. பூங்கோதைக்கு நாற்பத்து மூன்று வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வாரத்துக்கு முன்புதான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பெட்டியில் பாகம் பாகமாக வந்த வண்டியை, உள்ளே இருந்த படத்தைப் பார்த்துத் தானே பூட்டினாள். குடியிருப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பழகினாள். இந்த வயதில் உனக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்களை எண்ண விரல் போதாது. இன்றைக்கு எட்டு மணிக்கு ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவது என்று முடிவு பண்ணியிருந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் மேம்பாலம்.

ஒரே ஒரு குறை. முன்பக்கம் எங்கேயோ டக் டக் என்று சத்தம். எண்ணெய் போடாத குறையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். மன்றத்தில் கேட்கலாமா வேண்டாமா என்று நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தாள். ஐந்தாவது தடவை, "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்து அனுப்பிவிட்டாள். அதனால் அந்தக் கேள்வி பிறக்கும்போதே கையைக் கட்டிக்கொண்டு பிறந்தது.

மூட்டையோடு வாசலில் வந்து நின்றது. "தப்பா நினைச்சுக்காதீங்க, முன்னால டக் டக்குன்னு சத்தம் வருது, எண்ணெய் எங்கே விடணும்?" என்று விதியிடம் ஒப்பித்தது. எண்ணெய் என்ற வார்த்தை முடிவதற்குள் விதியின் கை இடது பக்கம் போனது. கேள்வி கும்பிட்டுவிட்டு உள்ளே போனது.

தயார் சிரித்த முகமாக வரவேற்றது. எண்ணெய் என்றதும் ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தது. செயினில் இரண்டு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைக்கவும் என்று அதில் இருந்தது. கேள்வி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டாலும் அதற்கு மனசு ஒப்பவில்லை. சத்தம் செயின் பக்கம் வரவில்லையே, முன்னால் அல்லவா வருகிறது? திருப்பிக் கேட்கலாமா என்று நினைத்தது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்தது. கேள்வி யாரைக் கொண்டு பிறந்திருக்கும்? எல்லாம் பூங்கோதையின் சுபாவம்தான்.

சுவர் ஓரமாக ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது. தோளைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. "உனக்கு என்ன சீட்டு கொடுத்தாங்க?" என்று அது கேட்டது. பூங்கோதையின் கேள்வி காட்டியது. கட்டுப் போட்ட கேள்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தன் மடியிலிருந்து கசங்கிய ஒரு சீட்டை எடுத்தது. அச்சு அசலாக அதே சீட்டு.

அது ஜெபராஜின் கேள்வி. ஜெபராஜ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், முப்பது வயது. பத்து நாளைக்கு முன்னால் அவருடைய கேள்வியும் இதே டக் டக் சத்தத்தோடு இதே அறைக்கு வந்தது. இதே இரண்டு சொட்டு எண்ணெயை வாங்கிக்கொண்டு போனது. அவரும் சொன்னபடி விட்டார். நாலாம் நாள் ஒரு இறக்கத்தில் முன் சக்கரம் வண்டியை விட்டுத் தனியாகப் போய்விட்டது. காரை எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறார். கிடந்த இடத்திலிருந்து கேள்வியை மறுபடி அனுப்பினார்: சக்கரம் ஏன் கழன்றது, நான் என்ன தப்புச் செய்தேன்? தயார் அதற்கும் ஒரு சீட்டு கொடுத்தது. தலைக்கவசம் அணியவும், மருத்துவரை அணுகவும்.

"அதை எடுத்துக்கிட்டு நான் எப்படி அவர் முகத்துல முழிக்கிறது? அதான் மூணு நாளா இங்கேயே உட்கார்ந்திருக்கேன்," என்றது அது.

பூங்கோதையின் கேள்வி சட்டென்று மூட்டையை இறக்கியது. அம்மா எட்டு மணிக்குப் பாலம் ஏறப்போகிறாளே. இரண்டு கேள்விகளும் பக்கத்தில் பக்கத்தில் மூட்டையை வைத்து அவிழ்த்தன. அவிழ்க்க அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு போட்டோவிலும் முன் சக்கரத்தின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன லீவர் இருந்தது. இரண்டிலும் அது விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணி எங்கே மாட்டுவது என்று கேட்க வந்த இன்னொரு கேள்வி எட்டிப் பார்த்தது. அது தன் மூட்டையையும் அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தது. அந்த வண்டி கடைக்காரர் பூட்டிக் கொடுத்தது. அதில் லீவர் மடங்கி ஒட்டிக் கிடந்தது.

அறையில் இருந்த கேள்விகள் எல்லாம் ஜமுக்காளத்தைச் சுற்றிக் கூடிவிட்டன. தெரியாதவர்கள் கூட்டம்தான், ஆனாலும் கண் இருக்கிறது அல்லவா? இதில் மடங்கியிருக்கிறது, அதில் நீட்டியிருக்கிறது என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டன. எப்படி மடக்குவது, எவ்வளவு அழுத்துவது, அதுதான் காரணமா, வேறு ஏதாவதா? அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. மணி ஏழே கால் ஆகியிருந்தது.

இரண்டு கேள்விகளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி, வலது பக்கம் போக வேண்டும் என்றன. விதி குறுக்கே நின்றது. அந்தப் பக்கம் பெரிய கேள்விகளுக்கு மட்டும் என்றது. கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னது.

"நான் சின்னதா பெரிசான்னு எனக்குத் தெரியாதுங்க," என்றது பூங்கோதையின் கேள்வி. "அது தெரிஞ்சிருந்தா எங்கம்மா என்னை அனுப்பியிருக்கவே மாட்டா."

இப்படி ஒன்றை விதிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யோசிக்க வேண்டும்போல இருந்தது, யோசித்துப் பழக்கமில்லை. "என்னை இங்கே நிற்கச் சொல்லியிருக்காங்க," என்று மட்டும் சொன்னது.

அப்போது ஜெபராஜின் கேள்வி ஒரு காரியம் செய்தது. தலையிலிருந்த மூட்டையை இறக்கி, நல்ல கையால் ஒரு தள்ளுத் தள்ளியது. மூட்டை விதியின் காலுக்கு நடுவே உருண்டு பெரிய கூடத்துக்குள் போய் விழுந்தது. கேள்விகளைத்தான் தடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூட்டையைப் பற்றி விதிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கூடத்தில் மூன்று நாளாக ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டா முப்பத்திரண்டா, எந்த அளவு டயர் வேகம் என்று. அதற்கு நடுவே மூட்டை வந்து விழுந்ததை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முகைதீனின் பதில் ஒன்று தூண் பக்கம் சும்மா சாய்ந்திருந்தது. ஆறு வாரமாக அதற்கு வேலையே இல்லை. மூட்டையைக் கண்டதும் பழக்க தோஷத்தில் அதன் கை தானாக முடிச்சுக்குப் போனது. அவிழ்த்துப் பார்த்தது. பார்த்ததும் எழுந்துவிட்டது.

"இது யாரோடது?" என்று கேட்டது. கூடம் திரும்பிப் பார்த்தது. வாசலுக்கு வெளியே இரண்டு சின்னக் கேள்விகள் நின்றன. ஒன்றின் தோளில் கட்டு இருந்தது. பதில் ஒரு கணம் அந்தக் கட்டைப் பார்த்தது. "எனக்கு நேரம் போயிடுச்சு. முதல்ல அதுகூடப் போங்க, அதோட அம்மா எட்டு மணிக்குப் பாலம் ஏறுறாங்க," என்றது ஜெபராஜின் கேள்வி. பெரிய மனசு அதற்கு.

பதில் விதியைத் தாண்டி வெளியே வந்தது. பதில் சின்ன அறைப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. ஆறு வாரமாக ஒன்றுகூட வரவில்லை, அவ்வளவுதான். பூங்கோதையின் கேள்வியைக் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடியது. எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை என்று முகைதீனுக்கே தெரிந்துவிட்டது. பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு, மன்றத்தில் இருந்த நம்பருக்கு நேரே போன் போட்டார்.

"பூங்கோதைங்களா? மிதிமன்றத்துல இருந்து முகைதீன் பேசறனுங்க. வண்டியில ஏறிட்டீங்களா?"

"இப்பத்தான் ஏறப் போறனுங்க. பதில் ஒண்ணும் வரல, சரி போயிரலாம்னு..."

"ஏறாதீங்க. வண்டியைச் சுவத்துல சாத்துங்க. முன் சக்கரத்து நடுவுல ஒரு லீவர் நீட்டிட்டு இருக்குதுங்களா? அதை எப்படி இறுக்குனீங்க?"

"சுத்திச் சுத்தித்தாங்க இறுக்குனேன். டைட்டாத்தான் இருக்குது."

"அப்படித்தான் இருக்குமுங்க. ஆனா அது நட்டு இல்ல, தாழ்ப்பாள். சுத்தக்கூடாது, சாத்தணும். உள்ளங்கையை வச்சு அமுக்கி மடக்குங்க. லேசா மடங்குச்சுன்னா எதிர்ப் பக்கத்து நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டு மறுபடி மடக்குங்க. முடிச்சதும் கையைப் பாருங்க. லீவரோட தடம் உள்ளங்கையில விழுந்திருக்கோணும்."

போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு முனகல் கேட்டது. பிறகு பூங்கோதை சொன்னாள். "விழுந்திருக்குதுங்க. சிவந்து போச்சு."

சக்கரத்தைத் தூக்கித் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினாள். அசையவில்லை. வண்டியைக் கொஞ்ச தூரம் குலுக்கித் தள்ளிப் பார்த்தாள். சத்தமே இல்லை. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், இது சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் விட்டுவிடப் பார்த்தேன் என்றாள். பார்த்துப் போங்கம்மா என்றார் முகைதீன். எட்டரை மணிக்கு அவள் மேம்பாலத்தின் உச்சியில் இருந்தாள். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, அக்கா வீட்டு வாசல் வரைக்கும் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய கேள்வி ஹேண்டில் பார் மேல் உட்கார்ந்துகொண்டு கூடவே போனது. அதற்கு வந்த சந்தோஷத்தை நான் எழுதி மாளாது.

அன்றைக்கே மன்றத்தில் மறுபடி பேச்சு நடந்தது. அறையை இடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சின்னக் கேள்விகள் வேண்டாம் என்றுவிட்டன. ஜமுக்காளம் அவற்றுக்குப் பிடித்திருந்தது. பயமில்லாமல் உட்கார ஒரு இடம் வேண்டும்தானே? ஆகவே அறை இருந்தது. வாசலில் நின்ற விதியை மட்டும் உள்ளே அழைத்து, வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கச் சொன்னார்கள். அதைவிட இது நல்ல வேலை என்று விதியே சொன்னதாகக் கேள்வி. பெரிய பதில்கள் ஆளுக்கொரு நாள் முறை வைத்துச் சின்ன அறையில் உட்காருவது என்று முடிவானது. டயர் வாக்குவாதக்காரர்கள் இரண்டு பேர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

இதெல்லாம் முடிவதற்கு முன்னாலேயே முகைதீனின் பதில் ஒரு காரியம் செய்தது. பூங்கோதையின் வீட்டிலிருந்து திரும்பி நேரே சின்ன அறைக்குத்தான் வந்தது. கட்டுப் போட்ட கேள்வி அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தது. பதிலைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"இப்ப நீ வந்து எங்க வாத்தியாருக்கு என்ன ஆகப்போகுது? எலும்பு முறிஞ்சது முறிஞ்சதுதானே," என்றது.

எத்தனையோ வீட்டுக்குத் தெம்பாகப் போய் வந்த பதில் அது. இந்த ஒரு வீட்டுக்குப் போக அதற்குக் கால் எழவில்லை. ஆனாலும் கேள்வியின் நல்ல கையைப் பிடித்து எழுப்பியது. இரண்டும் மெதுவாக நடந்தன.

சாயங்காலம் ஜெபராஜின் கட்டிலுக்குப் பக்கத்தில் முகைதீன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பதிலும் கேள்வியும் கால்மாட்டில் நின்றன. முகைதீன் லீவரைப் பற்றி எல்லாம் சொன்னார். எப்படி மடக்குவது, உள்ளங்கையில் தடம் எப்படி விழும் என்று ஒன்று விடாமல் சொன்னார். ஜெபராஜ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, தோள் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இவ்வளவுதானா சார்? என் மேலதான் தப்பு. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எண்ணெய் எங்கே விடறதுன்னு கேட்டேன் பாருங்க, கேட்கவே தெரியலை எனக்கு."

முகைதீன் அவர் கட்டுப் போட்ட தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டீங்க தம்பி," என்றார். "நாங்கதான் அந்த ரூம்ல இல்ல."